180 படங்களிலிருந்து ஒரு மாலை: அனிமேஷன் குறும்படத் தேர்வு பற்றி

உங்கள் ஊர்த் திரைப்பட இயக்கம் அக்டோபர் 28 அன்று, உலக அனிமேஷன் தினத்தை ஒட்டி, ஒரு மாலைத் திரையிடலை ஏற்பாடு செய்கிறது. அழைப்பு விடுத்ததில் 180 குறும்படங்கள் வந்து சேர்ந்துள்ளன. தேர்வுக் குழுவில் நால்வர். அரங்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கிடைத்திருக்கிறது. எதை அளவுகோலாகக் கொள்வது, எத்தனை படங்களைப் போடுவது, குழந்தைகளை அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறும்பட விழாக்களின் தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மிகச் சிறந்த பத்துப் படங்களைப் பொறுக்கி வரிசையாகப் போட்டுவிட்டால் நல்ல திரையிடல் தானே அமைந்துவிடும் என்று நானும் தொடக்கத்தில் நம்பியிருந்தேன். அப்படி அமைத்த மாலைகளில் ஐந்தாவது படத்துக்குள்ளேயே பார்வையாளர்கள் களைத்துப்போனதைக் கண்ட பிறகுதான், ஒவ்வொரு படமும் தனக்குரிய கவனத்தைப் பெறும்படி ஒரு மாலையைக் கட்டி எழுப்புவதே தேர்வு என்பது எனக்குப் புரிந்தது.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாளும் இதையே நினைவூட்டுகிறது. 1892 அக்டோபர் 28 அன்று பாரீஸ் நகரின் கிரெவான் அருங்காட்சியகத்தில் எமில் ரெய்னோ, கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படச்சுருள்களைத் தாமே உருவாக்கிய கருவியில் பூட்டி மக்கள் முன் ஓட்டிக் காட்டினார். சினிமாவின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் லூமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற காட்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தையது அது. அன்று அவர் காட்டியவை மூன்று சிறு படங்கள். சுருளைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு செயலை மறுபடி நிகழவைத்து, அரங்கின் போக்குக்கு ஏற்ப நேரத்தை நீட்டிக்கொள்ளவும் அவரால் முடிந்தது. நாம் இன்று நினைவுகூரும் அந்த முதல் மாலையே ஒரு குறும்படத் தொகுப்பாகத்தான் இருந்தது. எதற்குப் பின் எது, எவ்வளவு நேரம் என்ற கேள்விகள் அப்போதே எழுந்துவிட்டன.

படங்களைப் பார்க்கும் முறையிலிருந்து தொடங்குவோம். ஒரு படத்துக்குச் சராசரியாக 8 நிமிடம் என்று வைத்தால் 180 படங்களுக்கு 24 மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இருவர் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நால்வரில் ஒவ்வொருவருக்கும் 90 படங்கள், அதாவது 12 மணி நேரம். ஒரே அமர்வில் 15 படங்களுக்கு மேல் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு வரும் படங்களைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. எனவே ஆளுக்கு ஆறு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்ப்பதைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். முதல் நிமிடத்தில் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடும் பழக்கம் கதைப்படங்களுக்கே நல்லதல்ல. அனிமேஷனில் அது பெரிய அநீதியாகிவிடும். தனக்கென ஒரு உலகத்தையும் அந்த உலகத்துக்கான விதிகளையும் வரைந்தே உருவாக்க வேண்டிய படம், அந்த விதிகளை நமக்குப் பழக்கப்படுத்தவே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அமர்வுக்கும் மறுநாள் காலையில், குறிப்பேட்டைப் பார்க்காமல், முந்தைய நாள் பார்த்த 15 படங்களில் எவை நினைவில் நிற்கின்றன என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலும் நீங்கள் இட்ட மதிப்பெண்களும் ஒத்துப்போகாத இடங்களை மறுபடி பார்ப்பது நல்லது.

அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்வி. தேர்வுக் குழுவினர் மிக எளிதில் ஏமாறும் இடம் அழகான ஓவியம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் அனிமேஷன் பிரிவை வளர்த்தெடுத்த நார்மன் மக்லாரன், அனிமேஷன் என்பது ஓவியங்களை அசையவைக்கும் கலை அன்று, அசைவுகளை வரையும் கலை என்றும், ஒரு பிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனி நிலைப்படத்தில், இருப்பதைவிட ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே நிகழ்வதே முக்கியம் என்றும் சொன்னார். இந்த ஒரு கருத்தை நால்வரும் மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு கிழவி தண்ணீர்க்குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள் என்றால், குடம் ஏறுவதற்கு முன் அவள் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, ஏறிய பின் அவள் நடை மாறுகிறதா, குடத்தின் கனம் நமக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பின்னணி ஓவியம் சுவரில் மாட்டத்தக்கதாக இருந்தும் அந்தக் கிழவி தரையில் கால் பாவாமல் வழுக்கிக்கொண்டு போனால், அது படம் வரையத் தெரிந்தவரின் வேலை. அனிமேஷன் தெரிந்தவரின் வேலை ஆகாது. நான் ஒரு எளிய சோதனையைப் பயன்படுத்துவதுண்டு. படத்தை ஏதோ ஓரிடத்தில் நிறுத்துவேன். நின்ற படம் ஓடும் படத்தைவிட அழகாக இருந்தால் எச்சரிக்கை கொள்வேன்.

ஆனால் அசைவைப் பார்ப்பது என்றால் வழவழப்பான அசைவைப் பார்ப்பது என்று பொருள் கொண்டுவிடக்கூடாது. நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும் படத்தில், கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்துவார்கள். அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள். அதையும் குறைத்து, உருவங்களை வெறும் வடிவங்களாகச் சுருக்கி, அசைவைத் திடீர்த் தாவல்களாக அமைத்தே புதியதொரு மொழியைக் கண்டவர்கள் யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் கலைஞர்கள். அவர்களில் ஒருவரான துஷான் வுகோட்டிச் 1961இல் எடுத்த குறும்படம்தான் அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் அமெரிக்கரல்லாத படம். எனவே ஓவியங்கள் குறைவாக இருப்பது குறையாகாது. அந்தக் குறைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டதா, நேரமும் காசும் தீர்ந்ததால் வந்ததா என்பதைப் படத்தின் மற்றப் பகுதிகளே காட்டிக்கொடுத்துவிடும். தேர்ந்து செய்யப்பட்ட சிக்கனம் முதல் காட்சியிலிருந்தே சீராக இருக்கும். தீர்ந்துபோன சிக்கனம் பாதிக்குப் பிறகு தொடங்கும்.

உழைப்பு என்பது இன்னொரு பொறி. அனுப்புபவர்கள் படிவத்தில் இத்தனை ஆயிரம் ஓவியங்கள், இத்தனை ஆண்டுகள் என்று எழுதுவார்கள். ரஷ்யாவின் அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியின் மேல் எண்ணெய் வண்ணத்தை விரல் நுனியால் தீட்டி, ஒவ்வொரு ஓவியத்தையும் படம்பிடித்த பின் அதன் மேலேயே அடுத்ததைத் தீட்டி, 29,000க்கும் மேற்பட்ட ஓவியங்களால் ‘கிழவனும் கடலும்’ கதையை 1999இல் 20 நிமிடப் படமாக முடித்தார். அந்த எண்ணிக்கையைக் கேட்டு நாம் வியப்பது இயல்பே. ஆனாலும் அந்தப் படம் நம்மைக் கட்டிப்போடுவதற்குக் காரணம், ஈர வண்ணம் ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்குக் கரைந்து போகும் விதம் கடலுக்கும் நினைவுக்கும் பொருந்துவதுதான். யூரி நோர்ஸ்டைன் 1975இல் மூடுபனிக்குள் வழி தவறும் முள்ளெலியைப் பற்றி எடுத்த படத்தில், மிக மெல்லிய தாளொன்றை உருவத்தின் மேல் விரித்து, அதைப் பிரேம் பிரேமாகக் கேமராவை நோக்கி உயர்த்தி அந்தப் பனியை உண்டாக்கினார். அது எளிய முறைதான். ஆனால் முள்ளெலி பனியில் மறையும்போது நமக்கும் வழி தெரியாமல் போகிறது. நுட்பம் என்ன என்று கேட்பதோடு, இந்தக் கதையை இந்த நுட்பத்தில் சொல்ல வேண்டிய தேவை என்ன என்றும் ஒவ்வொரு படத்திடமும் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காட்சிகள் இருந்தால், எந்தப் பகுதி அப்படி உருவானது என்று இயக்குநரிடமே எழுதிக் கேட்டுப் பெற்றுவிடுங்கள். தெரிந்து முடிவெடுப்பது ஒன்று, தெரியாமல் போடுவது வேறொன்று.

ஒலியைப் பலர் கவனிப்பதில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் 40 படங்களையாவது ஒரு முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். அனிமேஷனில் தானாகப் பதிவாகும் ஒலி என்று ஒன்று கிடையாது. காலடி ஓசையிலிருந்து காற்று வரை எல்லாம் யாரோ ஒருவர் யோசித்து வைத்தவை. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே பியானோ இசையை ஊற்றி வைத்திருக்கும் படங்கள் நிறைய வரும். அவற்றில் பல நல்ல படங்களே. இருந்தாலும் அப்படிப்பட்ட மூன்று படங்கள் ஒரே மாலையில் வந்தால் மூன்றுமே கெட்டுவிடும்.

கதைப்பொருளிலும் இந்த நெரிசல் உண்டு. மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களில் தாத்தா பாட்டியின் மறைவு, முதுமையின் மறதி, பெருநகரத் தனிமை ஆகியவை மீண்டும் மீண்டும் வரும். இளைஞர்கள் முதன்முதலாகச் சந்திக்கும் இழப்பு அதுதான் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் ஒன்றை மட்டும், மிக நேர்மையானதை, எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் படங்களையும் தொழில்முறைக் கலைஞர்களின் படங்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிரான்சில் 1960இல் தொடங்கிய ஆன்சி அனிமேஷன் விழாவில்கூட முதன்மைப் போட்டி, பட்டப்படிப்புப் படங்கள், இளம் பார்வையாளர்களுக்கான படங்கள், சோதனை முயற்சிகள் என்று குறும்படங்களைத் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கிறார்கள். உங்களிடம் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. ஆயினும் பார்க்கும் கட்டத்தில் இந்தப் பிரிவினையைச் செய்துகொண்டு, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் நல்ல படங்களை அதிகம் கொல்கிறது என்பதால் சொல்லியே ஆக வேண்டும். நால்வரும் பத்துக்கு ஆறு கொடுத்த படத்தின் சராசரி 6. இருவர் 9 கொடுத்து, ஒருவர் 3, இன்னொருவர் 2 கொடுத்த படத்தின் சராசரி 5.75. சராசரியை மட்டும் நம்பினால் யாரையும் தொந்தரவு செய்யாத முதல் படம் உள்ளே வரும்; இருவர் உறக்கத்தைக் கெடுத்த இரண்டாவது படம் வெளியே போய்விடும். இப்படிச் சேர்ந்த பத்துப் படங்களால் ஆன மாலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே மதிப்பெண்ணை முதல் சுற்றில் 180ஐ 40 ஆகக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அந்தச் சுற்றிலும், ஒருவர் 9 கொடுத்த எந்தப் படமும் சராசரி எதுவாக இருந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போகட்டும். 40 படங்களையும் நால்வரும் ஒரே அறையில், பெரிய திரையில், சேர்ந்து பார்த்துப் பேசுங்கள். இறுதிப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தை, மற்ற மூவரும் எதிர்த்தாலும், உள்ளே கொண்டுவரும் உரிமை இருக்கட்டும். என் அனுபவத்தில், திரையிடல் முடிந்து ஓராண்டு கழித்தும் மக்கள் கேட்டு வந்த படங்கள் பெரும்பாலும் இப்படி ஒருவரின் பிடிவாதத்தால் வந்தவையே. குழு உறுப்பினர்களின் மாணவர்களோ உறவினர்களோ எடுத்த படம் வந்திருந்தால், அதைப் பற்றிய பேச்சின்போது அந்த உறுப்பினர் அறையில் இருக்கக்கூடாது.

இனி நேரக் கணக்கு. ஆஸ்கர் விதிப்படி தொடக்க, முடிவுப் பெயரெழுத்துகளையும் சேர்த்து 40 நிமிடம் வரை உள்ளது குறும்படம்தான். ஆனால் 25 நிமிடப் படம் ஒன்று உங்கள் மாலையின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அது மூன்று படங்களின் இடத்தை நிரப்பத்தக்கதா என்று கேட்டுப் பார்த்தே சேர்க்க வேண்டும். 90 நிமிட அரங்கில் படங்களுக்கென 75 நிமிடத்தை ஒதுக்குங்கள். வரவேற்புரை, படங்களுக்கிடையிலான இடைவெளி, இறுதியில் இயக்குநர் யாராவது வந்திருந்தால் அவரோடு ஒரு சிறு உரையாடல் ஆகியவற்றுக்கு மீதி. அதில் ஒன்பது முதல் பதினொரு படங்கள் அடங்கும். அதற்கு மேல் போனால் பார்வையாளர்கள் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

வரிசைதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேர்ந்த படங்களின் பெயர், நீளம், நுட்பம், மனநிலை, முதல் காட்சியின் நிறம், கடைசி ஒலி ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதி மேசையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குங்கள். முதல் படம் உங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்ததாக இருக்கக்கூடாது. ஆன்சியில் விளக்கணைவதற்கு முன் பார்வையாளர்கள் காகித விமானம் செய்து மேடையை நோக்கி எறிவார்கள். ஒன்று மேடையை எட்டிவிட்டால் அரங்கமே ஆரவாரிக்கும். நம் அரங்குகளில் விமானம் பறக்காவிட்டாலும், தாமதமாக வருபவர் இருக்கை தேடுவதும், கைபேசி ஒளிர்வதும், பேச்சு அடங்காததும் உண்டு. அந்தச் சலசலப்பைக் கவனமாக மாற்றக்கூடிய, ஐந்து ஆறு நிமிடத்துக்குள் முடியும், தெளிவான படம் ஒன்றைத் தொடக்கத்தில் வையுங்கள். சற்றே கடினமான, பொறுமை கேட்கும் படத்தை இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வைக்கலாம். கண் தெளிவாக இருக்கும் நேரம் அது. மிக நீண்ட படம் நடுப்பகுதியைத் தாண்டி, மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் நன்றாக நிற்கும். மரணத்தையோ போரையோ பற்றிய கனத்த படத்துக்கு அடுத்து உடனே ஒரு வேடிக்கைப் படத்தைப் போடும் தவற்றைச் செய்யாதீர்கள். அரங்கு சிரிக்கும், ஆனால் முந்தைய படத்தை மறந்த குற்ற உணர்வோடு சிரிக்கும். இடையில் கதையற்ற, வடிவங்களாலும் இசையாலும் ஆன இரண்டு மூன்று நிமிடப் படம் ஒன்று இருந்தால் மனம் தானே ஆறிக்கொள்ளும். அத்தகைய அருவப் படங்களைச் சேர்க்கத் தயங்கும் குழுக்களுக்கு நான் இதையே சொல்வேன்: அவை தனியாக நிற்கும்போது கிடைக்காத வரவேற்பு, சரியான இரு படங்களுக்கு நடுவே நிற்கும்போது கிடைக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் பின் ஐந்து நொடி கருந்திரை விடுங்கள். முடிவெழுத்துகளைப் பாதியில் வெட்டாதீர்கள். கடைசிச் சொட்டு இசை பல படங்களில் அங்கேதான் இருக்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நினைத்துக்கொண்டு நான்கு வயதுப் பிள்ளையோடு வரும் பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. சுவரொட்டியில் சொல்லாதது நம் தவறு. மாலைத் திரையிடல் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முடியுமானால் அதே நாள் முற்பகலில் 45 நிமிடத்துக்குச் சிறுவர் காட்சி ஒன்றை வைத்து, அதற்கென ஏழெட்டுப் படங்களைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். இரு தரப்பையும் ஒரே காட்சியில் திருப்திப்படுத்தப் பார்த்தால், பெரியவர்களுக்கான துணிவான படங்களும் விலக்கப்படும், குழந்தைகளும் சலித்துப்போவார்கள்.

மொழி விஷயத்தில் உங்கள் பார்வையாளர்களுக்குத் தமிழ்த் துணைத் தலைப்புகள் வேண்டும். நடிகர்களின் படத்தில் வசனத்தைப் படித்துக்கொண்டே முகத்தைப் பார்த்துவிடலாம். வரையப்பட்ட படத்தில் கண் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும், யாரோ பல நாட்கள் வரைந்த ஒன்று தவறிப்போகிறது. ஆகவே வசனம் அடர்ந்த படங்களைக் குறைவாகவே சேர்ப்பது நல்லது. அதற்காக வசனமற்ற படம் மட்டுமே என்று விதி செய்துவிடவும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், மொழிபெயர்ப்பவர் வசனத்தைச் சுருக்கி, இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும். மொழிபெயர்க்க இயக்குநரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

வந்த படங்களுக்கு வெளியிலிருந்தும் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். குறிப்பாக இந்திய அனிமேஷனின் பழைய ஆழத்தை நம் ஊர்ப் பார்வையாளர்கள் பெரும்பாலும் அறிந்ததில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு தொடர்புடைய இஷு படேல், 1977இல் கனடா திரைப்பட வாரியத்துக்காக ஆயிரக்கணக்கான பாசிமணிகளை மட்டும் நகர்த்தி எடுத்த, ஆறு நிமிடத்துக்கும் குறைவான ‘பீட் கேம்’ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கீதாஞ்சலி ராவின் 15 நிமிடப் படமான ‘பிரிண்டட் ரெயின்போ’ 2006இல் கான் விழாவின் ‘விமர்சகர் வாரம்’ என்ற பிரிவில் விருதுகள் பெற்றது. தனிமையில் வாழும் முதியவள் ஒருத்தி தான் சேர்த்து வைத்த தீப்பெட்டிப் படங்களுக்குள் நுழைந்து செல்லும் கதை அது. சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி லேபிள்களைச் சேகரித்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையே இருக்காது. இவை இணையத்தில் கிடைத்தாலும், கிடைப்பது வேறு, பொதுவெளியில் திரையிடும் உரிமை வேறு. உரிமையாளருக்கு எழுதி அனுமதியும் நல்ல பிரதியும் பெறுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் திரையிடல் கட்டணம் ஒன்றைக் கொடுங்கள். ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் கொடுக்கிறோம், படம் எடுத்தவருக்குக் கொடுப்பதில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களைப் பொதுவில் திரையிட 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டம் இடமளிப்பதில்லை. விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு; பட்டியல் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஒளித்துடிப்பு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடரின் சிவப்பு நீல ஒளிச் சிமிட்டலைப் பார்த்து 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சோதனைப் படங்களில் இத்தகைய சிமிட்டல் இருந்தால், படம் தொடங்கும் முன் திரையிலும் நுழைவாயிலிலும் எச்சரிக்கை வைப்பது கட்டாயம்.

தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பத்துப் படங்களும் பத்து விதமான திரை அளவிலும், 24 அல்லது 25 பிரேம் வேகத்திலும், வெவ்வேறு ஒலி அளவிலும் வந்து சேரும். ஒரு முறை, பழைய நான்குக்கு மூன்று அளவுப் படமொன்றை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. வட்டமான நிலா முட்டையாகிப் படம் முழுதும் நின்றது. இயக்குநர் அரங்கில் இருந்தார். அன்றிலிருந்து, முந்தைய நாளே அதே அரங்கில், அதே புரொஜெக்டரில், ஆபரேட்டரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முதல் நிமிடத்தையும், மிக உரத்த இடத்தையும், மிக மெல்லிய இடத்தையும் ஓட்டிப் பார்க்காமல் நான் எந்தத் திரையிடலையும் தொடங்கியதில்லை.

கடைசியாக, சேர்க்கப்படாத 170 பேர். பட்டியலை வெளியிடுவதற்கு முன்பே அவர்கள் ஒவ்வொருவருக்கும் படத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இருவர் முழுமையாகப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லி, நான்கு வரிக் கடிதம் அனுப்புங்கள். இறுதி 40க்குள் வந்து விடுபட்டவர்களுக்கு, அவர்கள் படத்தில் குழுவுக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சேர்த்து எழுதுங்கள். அந்த 30 கடிதங்களை நால்வரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏழெட்டு. ஒரு மாலையில் எழுதி முடித்துவிடலாம்.